தட்டுக்கு வெளியே

சென்னையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பெயர். பலகையில் இருப்பது ஸ்டான்லி, ஆங்கிலேய கவர்னர் ஒருவரின் பெயர். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்து வயசானவங்க வாயில் இருப்பது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. எங்கள் வீட்டில் இன்றும் "கஞ்சித்தொட்டியாண்ட இறங்கிக்கோ" என்றுதான் சொல்வார்கள். சின்ன வயதில் அதை ஏதோ கிண்டல் பெயர் என்றே நினைத்திருந்தேன். அது கிண்டல் இல்லை, வரலாறு. 1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலியுடனான போரும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது, கோட்டையை நம்பி ஓடிவந்த ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782 வாக்கில் இங்கே ஒரு சத்திரம் எழுந்தது. மணியக்காரர் சத்திரம். ஆங்கிலேயர் வாயில் அது 'மோனிகர் சௌல்ட்ரி' ஆனது. கஞ்சி குடிக்க வந்தவர்களில் நோயாளிகளும் இருந்ததால் சத்திரத்தை ஒட்டி வைத்தியசாலை வந்தது. அந்த வைத்தியசாலை வளர்ந்த இடத்தில்தான் இன்றைய ஸ்டான்லி நிற்கிறது.

இந்தப் பெயரைத் தோண்டவேண்டிய அவசியம் எனக்கு ஒரு வகுப்பால் வந்தது. ஓராண்டுப் புகைப்படப் படிப்பு. 2024இல் எங்களுக்குத் தந்த பயிற்சி: 'உணவு' என்ற தலைப்பில் பத்துப் படங்கள், கூடவே ஒரு பக்கக் குறிப்பு. கூடப் படித்தவர்கள் நுங்கம்பாக்கம், அண்ணா நகர் கஃபேக்களுக்குப் போனார்கள். நான் தண்டையார்பேட்டைக்காரன். வீட்டைச் சுற்றியே எடுப்பதென்று முடிவு செய்தேன். கேட்டதும் அம்மா சொன்னது ஒரே விஷயம்: "சாப்பிடறவங்க மூஞ்சிக்கு முன்னாடி போய் கேமராவ நீட்டாத. கண்ணு படும்."

உணவுப் புகைப்படம் பற்றி வகுப்பில் கற்றது எல்லாம் ஒரு பக்கம், இந்த ஒரு வாக்கியம் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. சாப்பிடுகிறவனை, சாப்பிடாத ஒருவன் நின்று பார்க்கக் கூடாது என்பது நம் ஊரில் நாகரிகம். ஆனால் உணவுப் புகைப்படம் என்பதே அப்படிப் பார்ப்பதுதான், இல்லையா?

பழக்கூடையும் பஞ்சமும்

புகைப்படம் பிறந்தபோதே உணவும் அதற்குள் வந்துவிட்டது. இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பாட் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'தி பென்சில் ஆஃப் நேச்சர்' நூலின் கடைசிப் படம் ஒரு பழக்கூடைப் படம். கூடையில் அன்னாசியும் உண்டு. குளிர்நாட்டில் கண்ணாடி வீட்டுக்குள் அனல் மூட்டி வளர்க்கவேண்டிய பழம் அது. பணக்கார மேசையின் அடையாளம். வளர்த்தவனும் அனல் மூட்டியவனும் படத்தில் இல்லை. அசையாத பொருள், பக்கவாட்டு வெளிச்சம், சுற்றிலும் வெறுமை. இன்று நாம் போனில் எடுக்கும் பிரியாணிப் படத்தின் இலக்கணமும் ஏறக்குறைய இதேதான்.

மெட்ராஸுக்குக் கேமரா சீக்கிரமே வந்துவிட்டது. அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய கலைப் பள்ளிதான் பின்னாளில் எழும்பூர்க் கவின்கலைக் கல்லூரி ஆனது. அங்கே 1850களிலேயே புகைப்படம் கற்பித்தார்கள். 1856இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. அதை ஒட்டிய ஆண்டுகளில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி அரசின் புகைப்படக்காரராக மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். கோயில், கோட்டை, அதிகாரிகள் எல்லாம் ஃபிரேமுக்குள் வந்தார்கள். சாப்பாடு வரவில்லை. அது வந்தபோது, இல்லாத சாப்பாடாக வந்தது.

1876–78 தாது வருஷப் பஞ்சம். டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் என்ற மெட்ராஸ் குதிரைப்படை அதிகாரி பட்டினிக் கூட்டங்களைப் படமெடுத்தார். உட்காரவைத்தும் நிற்கவைத்தும், விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரியும்படி எடுத்த படங்கள். இன்று இணையத்தில் 'மெட்ராஸ் பஞ்சம்' என்று தேடினால் முதலில் வருவது அவைதான். அந்தக்கால ஈரத் தகட்டுக் கேமராவுக்குச் சில நொடிகளாவது ஆடாமல் அசையாமல் இருக்கவேண்டும். நிற்கவே தெம்பில்லாதவர்களை அசையாமல் இருக்கச் சொல்லி எடுத்த படங்கள் அவை.

ஆனால் என்னை உறுத்தியது அதில் இல்லாத விஷயம். அதே 1876–77இல் மெட்ராஸ் கடற்கரையில் தானிய மூட்டைகள் குவிந்துகிடந்தன. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி. துறைமுகத்தின் சுவர்கள் அப்போதுதான் எழ ஆரம்பித்திருந்தன. அதனால் மூட்டைகள் மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டிக் கரைக்கு வந்தன. ராயபுரத்துப் படகுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை அது. குவியலுக்குக் காவல் போட்டிருந்தார்கள். அரிசி இருந்தது, விலைதான் கைக்கு எட்டவில்லை. அரசு தலையிட்டால் வியாபாரம் கெடும் என்பது கல்கத்தாவிலிருந்த வைஸ்ராய் லிட்டனின் நிலைப்பாடு. அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் 1877 ஜனவரியில் நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியைக் குறைத்தார்: ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். ஏறக்குறைய 450 கிராம். அதை வைத்துக்கொண்டு மண் வெட்டவேண்டும், கல் உடைக்கவேண்டும். மெட்ராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர் தாங்காது என்று விடாமல் எழுதினார். சில மாதங்கள் கழித்துத்தான் அளவு கூடியது. பஞ்சம் முடிந்தபோது செத்தவர்கள் அரைக் கோடிக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

ஹூப்பரின் ஃபிரேமில் எலும்பு இருக்கிறது, மூட்டை இல்லை. அந்தப் படங்களைப் பார்த்து வரைந்த சித்திரங்கள் லண்டன் பத்திரிகைகளில் வந்தன. அங்கே நிவாரண நிதியும் திரண்டது. அதை மறுக்கவில்லை. ஆனால் பார்த்தவர்களுக்கு மழை பெய்யாதது மட்டும்தான் காரணம் என்று தோன்றியிருக்கும். குவியலும் காவலும் கூலிக் கணக்கும் விளிம்புக்கு வெளியே போய்விட்டன. இதே ஹூப்பர் 1886இல் மண்டலேயில், மரண தண்டனைக் கைதிகள் மீது குண்டு பாயும் கணத்தைப் படம்பிடிக்கக் கேமராவை நிறுத்தினார் என்ற புகார் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போய், விசாரணையும் கண்டனமும் வந்தன. அம்மா சொன்ன 'கண்ணு' எது என்று எனக்குப் புரிந்தது அதைப் படித்தபோதுதான்.

அதிலிருந்து என் தொடருக்கு ஒரு விதி கிடைத்தது. பஞ்சப் படம் பசியைக் காட்டி தானியத்தை வெட்டியது. கஃபே படம் தட்டைக் காட்டி ஆட்களை வெட்டுகிறது. இரண்டிலும் தொலைவது, சோறு எப்படி வந்தது அல்லது ஏன் வரவில்லை என்கிற கதை. ஆகவே என் பத்துப் படங்களில் எதிலும் தட்டு தனியாக இருக்கக் கூடாது. 50 எம்எம் லென்ஸை எஃப் 1.8இல் வைத்துப் பின்னணியைக் கரைக்கக் கூடாது. 28 எம்எம், எஃப் 8. பின்னால் நிற்கிறவரும் தெளிவாகத் தெரியவேண்டும். யாரை எடுத்தாலும் கேட்டுவிட்டு எடுக்கவேண்டும், அங்கேயே சாப்பிடவும் வேண்டும்.

காசிமேடு, விடியுமுன்

முதல் படங்கள் காசிமேட்டில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் முட்டையிடும் காலம் என்பதால். தடையில் போனால் கட்டிவைத்த படகுகள், பெயிண்ட் வாசனை, வலை பின்னும் ஆண்கள். தடை முடிந்து படகுகள் திரும்பும் நாளில் போனால் காலை வைக்க இடமில்லை. நான் இரண்டு முறையும் போனேன், ஒரே இடத்தில் நின்று இரண்டு படம் எடுத்தேன். ஒன்றில் காலி ஏலத்தளம், ஒன்றில் சங்கரா, வஞ்சிரம், காணாங்கெளுத்தி, நெத்திலி. சென்னையில் யாரோ ஒருவர் மே மாதத்தில் "இன்னைக்கு மீன் என்ன இவ்ளோ விலை" என்று அலுத்துக்கொள்வதன் மறுபாதி அந்தக் காலிப் படம்.

மூன்றாவது படம் மீன் வாங்கி விற்கும் அக்காக்கள். ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு, அலுமினிய அன்னக்கூடையில் ஏற்றி, ஷேர் ஆட்டோ பிடித்துத் தெருத்தெருவாகப் போகிறவர்கள். ஒருவரிடம் எடுக்கலாமா என்று கேட்டேன்.

"மீன எடுக்கறியா, என்ன எடுக்கறியா?"

"ரெண்டும் சேர்த்துக்கா."

"அப்ப இரு, இந்தக் கூற வித்துட்டு வரேன். கைல காசு இல்லாதப்ப எடுத்தா மூஞ்சி நல்லாருக்காது."

கூறு விற்று, முந்தானையால் முகம் துடைத்து, கூடையைத் தூக்கி நின்றார். அப்போதுதான் எடுத்தேன். வகுப்பில் இதை 'இயல்பாக இல்லை, போஸ் கொடுத்த படம்' என்றார்கள். தன் படம் எப்போது எடுக்கப்படவேண்டும் என்று அவர் முடிவு செய்த படம் என்பது என் பதில்.

அத்தோவைக் கலக்கும் கை

உணவுப் படக்காரர்கள் வடசென்னைக்கு வந்தால் தேடி வருவது அத்தோ. பாரிமுனை செகண்ட் லைன் பீச் தெருவில் மாலையானால் வண்டிகள் வரிசைகட்டும். மஞ்சள் நூடுல்ஸ், கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்த்தூள். பக்கத்தில் வெங்காயம் அடைத்த முட்டை, வாழைத்தண்டு சூப். பர்மிய மொழியில் 'அத்தோ' என்றால் கையால் பிசைந்தது, கலந்தது. பெயரிலேயே கை இருக்கிறது. ஆனால் ரீல்ஸில் தட்டு வந்த பிறகுதான் படம் ஆரம்பிக்கும்.

அந்தக் கை இங்கே எப்படி வந்தது? 1962இல் பர்மாவில் நே வின் ராணுவ ஆட்சி. 1964இல் கடைகள் தேசியமயம். அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு. தலைமுறைகளாக ரங்கூனில் கடை வைத்திருந்த, வயலில் உழைத்த தமிழர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கப்பலேறினார்கள். நகைக்கும் பணத்துக்கும் அங்கேயே கட்டுப்பாடு. இறங்கிய இடம் மெட்ராஸ் துறைமுகம். துறைமுகத்துக்கு எதிரே நடைபாதையில் எழுந்தது பர்மா பஜார். வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கமும் குடியிருப்புகள். பஞ்சக் காலத்தில் பர்மா அரிசி வந்த அதே கடற்கரைக்கு, 90 வருஷம் கழித்து பர்மாவின் சமையல் வந்தது. மூட்டையாக இல்லை, நினைவாக. சுங்கக்காரர் பிடிக்க முடியாத சாமான் அது ஒன்றுதான்.

கலக்கும் கையை எடுக்கலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "கைய எடுத்தா க்ளவுஸ் போடலன்னு கமெண்ட்ல திட்டுவாங்க தம்பி" என்றார். பிறகு அவரே, "சரி எடு, எங்க தாத்தா கைலதான் கலந்தாரு" என்றார். நாலாவது, ஐந்தாவது படங்கள் அவை. பின்னால் துறைமுகச் சுவரும் ஒரு கன்டெய்னர் லாரியும் தெளிவாக இருக்கின்றன. தட்டு கீழ் மூலையில் பாதிதான் தெரிகிறது.

ஷிஃப்ட் மாறும் நேரம்

அங்கிருந்து வடக்கே போனால் திருவொற்றியூர். கரும்பு இனித்த இடத்தில் பட்டினத்தார் அடங்கினார் என்று சொல்லும் ஊர். அவர் சமாதி கடற்கரை ஓரம் இன்றும் உண்டு. கசந்த கரும்பு எங்கே இனிக்கிறதோ அங்கே உன் பயணம் முடியும் என்பது அவருக்குக் கிடைத்த வாக்காம். அதே ஊரில் இருபதாம் நூற்றாண்டில் தீப்பெட்டி ஆலை வந்தது. ஆலையின் பெயர் விம்கோ நகர் ரயில் நிலையத்தில் ஒட்டிக்கொண்டது, 2021இல் மெட்ரோவும் அதே பெயரில் வந்து நின்றது. 1940களின் இறுதியில் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு. இந்த வட்டாரத்தின் சமையல் நேரத்தைப் பல வீடுகளில் சூரியன் தீர்மானிப்பதில்லை, ஷிஃப்ட் தீர்மானிக்கிறது. ஆறு மணி ஷிஃப்டுக்கு நாலு மணிக்கு அடுப்பு.

ஆலைக்குள் கேமரா கொண்டுபோக முடியாது. வெளியே மதில் ஓரம் டிபன் பாக்ஸ் திறக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் மூன்று பேரைக் கேட்டேன். மூன்று டப்பாவிலும் மூன்று சாதம்: புளிசாதம், சாம்பார் சாதம், ஒடிசாக்காரத் தம்பியின் டப்பாவில் சோறும் உருளைக்கிழங்கும். சட்டென்று மூன்றையும் நடுவில் தள்ளி ஒருவருக்கொருவர் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். நாலாவதாக எனக்கும் மூடியில் கொஞ்சம் வந்தது. ஆறாவது படத்தில் கைகள் மட்டும்தான். முகம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னதால்.

வாயில் கூடை, காலடியில் சேறு

எண்ணூரில் கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் கடலும் சந்திக்கின்றன. கால்வாயின் பெயரைக் கவனியுங்கள். பஞ்ச கால கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர். மெட்ராஸிலிருந்து எண்ணூருக்கு வரும் பகுதி 1800களின் தொடக்கத்திலேயே வெட்டப்பட்டது. ஊருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த துண்டு 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. வயிறு ஒட்டிய ஜனங்கள் நிவாரணக் கூலிக்கு வெட்டிய கால்வாய்க்கு, நிவாரணம் கொடுத்த கவர்னரின் பெயர்.

அந்தத் தண்ணீரில் இருளர் பெண்கள் கையால் இறால் பிடிக்கிறார்கள். இடுப்பளவு, சில நேரம் கழுத்தளவுத் தண்ணீர். சேற்றைத் துழாவி இறாலைப் பிடித்து, பனையோலைப் 'பறி'க்குள் போடவேண்டும். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள். வேலை முடியும்வரை பேச முடியாது. கரைக்கு வந்த பிறகுதான் ஓர் அக்கா பேசினார். சாம்பலும் சேறும் படிந்து ஆழம் குறைந்துவிட்டது என்றார். சுற்றிலும் அனல் மின் நிலையங்கள், துறைமுகங்கள்.

விளம்பர உணவுப் படங்களில் ஒரு பழைய தந்திரம் உண்டு. பான்கேக் மேல் சிரப்புக்குப் பதில் மோட்டார் ஆயில் ஊற்றுவார்கள். சீக்கிரம் ஊறாது, வெளிச்சத்தில் மின்னும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இந்த முகத்துவாரத்துக்குள் வந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர், கொக்கின் சிறகு எல்லாம் மின்னியது. வாரக்கணக்கில் யாரும் இந்த மீனை வாங்கவில்லை. ஏழாவது, எட்டாவது படங்கள் இங்கே எடுத்தவை. ஏழில் பறி கடித்த முகம், பின்னால் புகைபோக்கிகள். எட்டில் கையளவு இறால், பக்கத்தில் அன்றைய வருமானமான நோட்டுகள். பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த அக்கா ரொம்ப நேரம் ஏழாவது படத்தைப் பார்த்தார்.

"தண்ணி நல்லா நீலமா தெரியுதே."

"வானத்தோட நிறம்கா அது."

"அத எழுதிடு. இல்லன்னா பாக்கறவங்க எல்லாம் சரியாயிடுச்சுன்னு நெனச்சுக்குவாங்க."

குறிப்பில் அவர் சொன்னதையே எழுதினேன். படத்துக்கு வார்த்தை வேண்டுமா வேண்டாமா என்று வகுப்பில் ஒரு மணி நேரம் வாதம் நடக்கும். அவர் அதை இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

கூழ் வரிசை

கடைசி இரண்டு படங்கள் ஆடி மாதத்தில். தண்டையார்பேட்டையிலும் ராயபுரத்திலும் அம்மன் கோயில் இல்லாத தெரு குறைவு. முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய் போட்டு அண்டாவில் காய்ச்சி, மறுநாள் தெரு முழுக்க ஊற்றுவார்கள். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. தூக்கு, சொம்பு, குடம் என்று கையில் கிடைத்ததோடு வரிசை.

பார்வைக்கு அது ஹூப்பரின் கூட்டம் மாதிரித்தான் இருக்கும். வெயில், வரிசை, பாத்திரம், காத்திருக்கும் முகங்கள். மேலே இருந்து ஜூம் பண்ணி எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, 'வடசென்னையில் பசி' என்று தலைப்புக் கொடுத்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வடசென்னையைப் பற்றிப் பல படங்கள் அப்படித்தான் வந்திருக்கின்றன. வறுமை அல்லது ரவுடி, இரண்டில் ஒன்று. ஆனால் இந்த வரிசையில் நிற்கிற வீடுகள்தான் மாவும் காசும் கொடுத்தவை. ஊற்றுகிறவர் கொஞ்ச நேரத்தில் கரண்டியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வரிசைக்கு வருகிறார். இங்கே யாரும் எவ்வளவு தின்றால் உயிர் நிற்கும் என்று கணக்குப் போடுவதில்லை. போதும் என்று சொல்லும்வரை ஊற்றுகிறார்கள்.

அதனால் ஒன்பதாவது படத்தை வரிசைக்கு வெளியிலிருந்து எடுக்கவில்லை. கையில் சொம்போடு வரிசைக்குள் நின்று, என் முறை வந்தபோது எடுத்தேன். அண்டா, கரண்டி, ஊற்றும் ஆயாவின் முகம், கீழே என் சொம்பின் விளிம்பு. பத்தாவது படம் அந்த ஆயா எடுத்தது. கேமராவை வாங்கி, "நீ குடி, நான் எடுக்கறேன்" என்றார். படம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, என் பாதித் தலை வெட்டுப்பட்டிருக்கிறது. சொம்பு நடுவில் இருக்கிறது, பின்னால் தெரு முழுக்கத் தெரிகிறது. வகுப்பில் காட்டிய வரிசையில் அதையே கடைசியில் வைத்தேன். எடுத்தவர் பெயர் என்ற இடத்தில் 'பக்கத்து வீட்டு ஆயா' என்று போட்டேன்.